வியாழக்கிழமைக் கார்

கார் வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டுக்காரர் இன்றைக்கும் தூத்துக்குடி முழுக்க "சீனித்தாய்க்காகத்தான் வாங்கினேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்காக வாங்கினார் என்பது பொய்யில்லை. ஆனால் துறைமுகத்தில் தோணியிலிருந்து அந்தக் காரை இறக்கியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவர் முகம் இருந்த இருப்பு எனக்குத் தெரியும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் முகம் அப்படி இருக்கவில்லை.

அவர் பெயரை நான் சொல்வதில்லை. சாமி பெயர், அது போதும். உப்பு வியாபாரம். ஊரில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் எனக்குக் காசநோய் என்று தெரிந்தது. பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் வைத்தியம் தொடங்கினார். மருந்து மாத்திரை ஒன்றும் இல்லை, காற்றுதான். விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியைக் குத்தி நெஞ்சுக் கூட்டுக்குள் காற்றை ஏற்றுவார். அந்தக் காற்று கெட்டுப்போன பக்கத்து நுரையீரலை அமுக்கி மடக்கி வைக்கும். மடங்கிக் கிடந்தால் அதற்கு ஓய்வு. ஓய்வு கிடைத்தால் உள்ளே இருக்கும் புண் ஆறும். ஆனால் ஏற்றிய காற்று கொஞ்சம் கொஞ்சமாக உடம்பிலேயே கரைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு வியாழக்கிழமையும் போய் மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும்.

"வாரம் தவறக் கூடாதம்மா. தவறினால் நுரையீரல் விரிந்து கூட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் ஊசி போக வழி இருக்காது. அப்புறம் என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை" என்றார் டாக்டர். சுற்றி வளைக்காமல் சொன்னார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

எங்கள் மகன் இசக்கியப்பனுக்கு அப்போது நாலு வயது. நோய் தெரிந்த அன்றைக்கே அவனை எங்கள் வீட்டுக்காரரின் தங்கை சண்முகத்தாய் வீட்டுக்கு, மில்லர்புரத்துக்கு அனுப்பிவிட்டோம். அதே ஊர்தான், கூப்பிடு தூரம்தான். ஆனால் நான் குணமாகும் வரை அவனைத் தொடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. குணமானால் அவன் எனக்கு. ஆகாவிட்டால் அவன் சண்முகத்தாய்க்கு. என் கணக்கு அவ்வளவுதான், அதில் வேறு ஒன்றும் இல்லை.

பாளையங்கோட்டை முப்பது மைல். ரயிலில் போனால் மணியாச்சியில் இறங்கி வண்டி மாற வேண்டும். ஒரு தடவை அந்தப் பிளாட்பாரத்திலேயே மயங்கி விழுந்தேன். பஸ்ஸோ கரி எரித்து ஓடுகிற பஸ். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பின்பக்கம் அடுப்பை மாட்டி ஓட்டினார்களே, அது. அதன் புகையைக் குடித்து இருமித் தீர்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய் நின்றுகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போகும்போது "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்களே, அதற்காக இன்றைக்கும் அவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

அப்போதுதான் அந்தக் கார் வந்து இறங்கியது. இலங்கையில் கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் பந்தயக் கார் அது. துரை சீமைக்குத் திரும்பும்போது, தன்னிடம் பல வருஷம் மெக்கானிக்காக இருந்த ரோச்சுக்கே அதைக் கொடுத்துவிட்டுப் போனார். ரோச் புன்னைக்காயல்காரர், முத்துக்குளிக்கும் குடும்பம். நாற்பது வயதிருக்கும். காரைத் தோணியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தார். ஒர்க்ஷாப் வைக்க இடம் தேடிக்கொண்டிருந்த அவருக்கு எங்கள் வீட்டுக்காரர் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி வளவில் ஒரு பக்கத்தைக் கொடுத்துக் காரை வாங்கிக்கொண்டார்.

"அண்ணாச்சி, இது ரோட்டுல ஓட்டுத கார் இல்ல. மலைப் பந்தயத்துக்குன்னு நானும் தொரையும் சேந்து மாத்துனது. பத்து நிமிசம் பேய் மாதிரி போவும். அதுக்கு மேல நான் பொறுப்பு இல்ல" என்று ரோச் படித்துப் படித்துச் சொன்னார்.

"எம்பது மைல் வேகம் போகும்லா?" என்று கேட்டார் எங்கள் வீட்டுக்காரர்.

"போவும்."

"அப்பொ முப்பது மைலுக்கு அரைமணி நேரம் கூட வேண்டாமே" என்றார். உப்பு மூட்டைக் கணக்கு போடுகிறவர் போட்ட கணக்கு அது. வேகமாகப் போனால் பெண்டாட்டி சீக்கிரம் பிழைத்துவிடுவாள் என்று அவர் மெய்யாகவே நம்பினார். என்னிடம் வந்து சொன்னபோது கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் நான் என்ன பேச?

சிவப்புக் கார். மேலே கூரை கிடையாது. இரண்டே இரண்டு சீட்டு. பெட்ரோல் ரேஷனில் இருந்ததால் டாக்டரிடம் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு முதல் வியாழக்கிழமை கிளம்பினோம். புதுக்கோட்டை தாண்டும் வரை பறந்தது. வாகைக்குளத்தில் ரேடியேட்டர் கொதித்து ஆவி சீறியது. வல்லநாட்டு மேட்டில் என்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம். பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் மெதுவாகப் போக வேண்டி வந்ததும் இருமி இருமி நின்றே போய்விட்டது. என்னைவிட மோசமாக இருமுகிறதே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரம் பாதி வழியில் நின்று, நாங்கள் போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை. டாக்டர் ஊசியை ஓரிடத்தில் குத்தினார், போகவில்லை. இன்னோரிடம் பார்த்தார். மூன்றாவது இடத்தில்தான் போயிற்று. அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது.

"ஓரத்தில் ஒட்ட ஆரம்பித்திருக்கிறது. இன்னொரு தடவை இப்படி ஆனால் கஷ்டம்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

மறுநாள் ரோச்சைக் கூப்பிட்டு, "இந்தக் காரு தெனமும் ஓடணும், நிக்கப்படாது. அதுக்கு என்ன செய்யணுமோ செய்யும்" என்றார்.

ரோச் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு, "செய்யலாம். ஆனா வேகம் செத்துப்போவும், சம்மதமா?" என்று கேட்டார். "கொஞ்சமாவது வச்சிரும்" என்று இவர் கெஞ்சியது எனக்கே கேட்டது.

அது எப்படிக் கேட்டது என்றால், நான் அந்த வளவிலேதான் கிடந்தேன். திறந்த வெளியில் படுத்திருக்க வேண்டும் என்பது டாக்டர் சொன்ன விதி. அதனால் கிட்டங்கிச் சுவரோரம் வேப்பமர நிழலில் என் கட்டில். பத்தடி தள்ளி, சாக்குகளை விரித்து ரோச் என்ஜினைப் பிரித்துப் போட்டார். நாள் முழுக்க எனக்கு வேறு என்ன வேலை? பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்டே அவர் உயிரை எடுத்தேன்.

"என்ஜின் மூடிய எதுக்குச் சீவி வச்சிருக்கு?"

"பெட்ரோல் காத்த நல்லா நெருக்கி வெடிக்க வச்சாத்தான் வேகம் வரும், தங்கச்சி. தொரை பந்தயத்துக்குச் சாராயம் மாதிரி ஒண்ணு கலந்து ஊத்துவாரு, அது தாங்கும். இப்பக் கெடைக்குத மட்டப் பெட்ரோலு தாங்காது. முன்னாலயே வெடிக்கும். நீங்க கேட்டீயளே சுத்தியல் சத்தம், அதுதான்."

அதற்கு அவர் ஒரு செம்புத் தகட்டை மூடியின் அச்சுக்கு வெட்டி, சிரட்டைக் கரியில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி இளக்கினார். அதை மூடிக்கு அடியில் வைத்துவிட்டால் உள்ளே இடம் கூடும், நெருக்கம் குறையும். பந்தயத்தில் பாரம் குறைக்க வேண்டும் என்று துரை கழற்றி எறிந்திருந்த ஃபேனுக்குப் பதிலாக, பட்டாளத்து லாரி ஒன்றின் ஃபேனைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து மாட்டினார். கார்புரேட்டரின் வாய் அதுவரை திறந்தே கிடந்தது. நம் ரோட்டுப் புழுதியெல்லாம் அதன் வழியாகத்தான் உள்ளே போய் பிஸ்டன் ரிங்கைத் தின்றிருக்கிறது. ஒரு தகர டப்பாவில் தேங்காய் நாரை அடைத்து, எண்ணெயில் நனைத்து, அந்த வாயில் பொருத்தினார். கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றக் கூடாது என்று வேலைக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் ஊர்க் கிணறுகளில் உப்பு. வண்டியில் வரும் நல்ல தண்ணீரை நாங்கள் குடிக்க மட்டும்தான் எடுப்போம். அதில் ஒரு குடம் இனி காருக்கு என்றானது.

கடைசியாக ஒரு தண்டை உருவி எடுத்தார். கேம் ஷாஃப்ட் என்றார். வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று ஆணையிடுவது அதுதானாம். அதை வேட்டி முந்தியால் துடைத்தார். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே வைக்கவில்லை.

"என்னண்ணே?" என்றேன்.

"இதுதான் இந்தக் காரு. இத நானும் தொரையும் மூணு மழைக்காலம் உக்காந்து கையால தேச்சோம். இது இருந்தா மலையேத்தத்துல ஒருத்தன் முந்த முடியாது. ஆனா மெதுவாப் போனா இது மூச்சு முட்டிச் செத்துரும். கடைத்தெருவுல நின்னதே, இதாலதான்."

"வேண்டாம்ணே. அது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ரோச் என்னைப் பார்த்தார். "நல்லாச் சொன்னீய போங்க" என்று சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து கம்பெனி போட்ட பழைய தண்டை எடுத்துப் பொருத்தினார். அன்றைக்கு மத்தியானம் நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். என்னைப் பாவம் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். எனக்காகத் தன் பெருமையைத் தானே கழற்றி எடுத்து வைத்தவர் அவர் ஒருவர்தான்.

இதற்கிடையில் ஒரு வியாழக்கிழமை வந்தது. எங்கள் உப்பு லாரியில் சாக்குமேல் படுக்க வைத்துக் கூட்டிப்போனார்கள். குலுங்கிய குலுக்கலில் ரத்தம் துப்பினேன். இனி லாரி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வியாழக்கிழமைக்குள் ரோச் முடித்தாக வேண்டும். முடித்தார்.

என்ஜினை ஓடவிட்டு அவர் உட்கார்ந்துகொண்டார். புதிதாகப் போட்ட ரிங்கும் பேரிங்கும் பழக வேண்டும், அதனால் நெடுநேரம் சும்மா ஓட வேண்டுமாம். முன்னெல்லாம் அது நிற்கும்போது உறுமும், தும்மும். இப்போது ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருந்தது. கண் விழித்துப் பார்த்தால் வெயில் சாய்ந்திருந்தது. ரோச் என் கட்டிலுக்கு எதிரில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"தூங்கிட்டீயளோ? எத்தன வருசம் என்ஜின் வேல பாத்திருக்கேன், என் என்ஜின் ஓடும்போது ஒருத்தரும் தூங்குனதில்ல" என்றார். குறையாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

வியாழக்கிழமை புறப்படும்போது எங்கள் வீட்டுக்காரரிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அண்ணாச்சி, எல்லாம் புதுசு. கொஞ்ச நாளைக்கு முப்பதுக்கு மேல போகப்படாது. என் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க." இவர் சத்தியம் பண்ணினார்.

வாகைக்குளம் வரை சத்தியம் நின்றது. அங்கே ஒரு புகையிலை வியாபாரி பெரிய கறுப்புக் காரில் எங்களை முந்திக்கொண்டு போனார். போகிற போக்கில் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மரியாதைக்குச் சிரித்தது என்று எனக்குப் புரிந்தது. இவருக்கு வேறு மாதிரி புரிந்தது. "வேண்டாங்க" என்றேன். "சும்மா கிட்டக்க மட்டும்" என்று சொல்லிக்கொண்டே மிதித்தார். கறுப்புக் காரைத் தாண்டினோம். தாண்டி ஒரு மைல் கூட இருக்காது, கிறீச் என்று ஒரு சத்தம். சக்கரம் இழுபட்டுக் கார் ஓரமாகப் போய் நின்றது. என்ஜின் இறுகிப் பூட்டிக்கொண்டுவிட்டது.

நல்ல வெயில். பக்கத்தில் ஒரு பனைமரம் கூட இல்லை. கோபத்தில் நான் இறங்கிப் போய் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துகொண்டேன். அந்தப் புகையிலை வியாபாரிதான் வந்து காரை நிறுத்தினார். என்ன நோய், எங்கே போகிறோம் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். சொன்னால் போய்விடுவார் என்று நினைத்தேன். "ஏறுங்கம்மா" என்று பின் கதவைத் திறந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுவிட்டு, காத்திருந்து, திரும்ப ஊரில் கொண்டுவந்து சேர்த்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. எந்த ஊரில் இருந்தாலும் அவர் பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்க வேண்டும்.

சிவப்புக் காரை இரண்டு மாடுகள் கட்டி இழுத்துக்கொண்டு வந்து வளவில் விட்டார்கள். ரோச் என்ஜின் மூடியைக் கழற்றிப் பார்த்தார். ஒரு பிஸ்டன் உரசிக் காயம் பட்டிருந்தது. அவர் கத்தவில்லை. சாவகாசமாகக் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்காரருக்கு எதிரே வந்து நின்றார்.

"அண்ணாச்சி, முத்துக்குளிக்கதப் பாத்திருக்கீயளா?"

"பாத்திருக்கேன்."

"உள்ள போறவன் உசுரு ஒரு கயித்துல இருக்கு. மேல தோணியில இருந்து அந்தக் கயித்தப் பிடிக்கது யாரு தெரியுமா? அப்பன் இல்ல, அண்ணன் தம்பி இல்ல. மச்சான். பொண்டாட்டி கூடப்பொறந்தவன். கயித்த விட்டா தங்கச்சி தாலி போயிரும்னு அவனுக்குத் தெரியும். அவன் பராக்குப் பாக்க மாட்டான். இந்தக் காருல ரெண்டு சீட்டு. ஒண்ணு முங்குதவளுக்கு. இன்னொண்ணுல கயிறு பிடிக்கவன்தான் உக்காரணும். நீங்க இல்ல."

"எனக்கு அவ மேல அக்கறை இல்லங்கீரா?"

"அக்கறையும் இருக்கு, ஆசையும் இருக்கு. ரெண்டும் ஒரே பெடல மிதிக்கு. நான் ஓட்டலாமேன்னு கேப்பீய, என் காலு உங்க கால விட மோசம். தங்கச்சிக்குக் கூடப்பொறந்தவன் இருக்காம்லா? அவனக் கூப்பிடுங்க. அதுக்குப் பெறகுதான் நான் ஸ்பேனரத் தொடுவேன்."

எங்கள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சம்பளத்துக்கு டிரைவர் வைத்துப் பார்த்தாயிற்று. நோய்க்காரி பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒருவன் ஒரே நாளில் ஓடிவிட்டான். அண்ணனைக் கூப்பிடுவதென்றால் அதிலும் ஒரு சங்கடம்.

எனக்கு ஒரே அண்ணன், சிவசுப்பிரமணியன். உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம். எதிலும் நிதானம். நிதானம் என்றால் சாதாரண நிதானம் இல்லை, செருப்பு மாட்டுவதற்கே ஒரு நேரம் எடுத்துக்கொள்வான். இசக்கியப்பனுக்குத் திருச்செந்தூரில் மொட்டை போட்டபோது, பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது, அண்ணன் வரவில்லை. பொறுமை இழந்த இவர், பிள்ளையைத் தன் சொந்த அண்ணன் மடியில் உட்கார வைத்து மொட்டையை முடித்துவிட்டார். அதற்குப் பிறகு என் அண்ணன் வந்து சேர்ந்தான், கையில் சீர்த் தட்டோடு. மொட்டைத் தலையைப் பார்த்தான். தட்டைப் படியில் வைத்துவிட்டுப் போனவன், அதற்கப்புறம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. எனக்கு நோய் என்று தெரிந்த பிறகு ஆள் விட்டு விசாரிப்பான், அவ்வளவுதான். தாய்மாமன் உரிமையைப் பறித்தால் யாருக்குத்தான் ஆறும்?

அன்று மாலையே இவர் உடன்குடிக்கு பஸ் ஏறினார். மறுநாள் இருவரும் சேர்ந்து வந்தார்கள். எப்படி நடந்தது என்று பிறகு இவரிடம் கேட்டேன்.

"நான் பண்ணுனது தப்புன்னு சொன்னேன்."

"அதுக்கு அண்ணன் என்ன சொன்னான்?"

"சாப்பிட்டுட்டு இருந்தான். முடிக்கட்டும்னான். ஒரு மணி நேரம் சாப்பிட்டான், சீனி. கூடவே உக்காந்திருந்தேன். கடைசியில கையக் கழுவிட்டு, 'கெளம்புவமா மச்சான்'னான்." நான் இவரைக் கேலி செய்தே பழகியவள். ஆனால் அந்த ஒரு மணி நேரம் பேசாமல் அங்கே உட்கார்ந்திருந்தாரே, அதற்கு நான் ஏழு பிறவிக்கும் கடன்பட்டிருக்கிறேன். இதை நேரில் சொன்னால் தலைகால் தெரியாமல் போய்விடுவார் என்று சொல்வதில்லை.

ரோச் பிஸ்டனைத் தேய்த்துச் சரி செய்தார், ரிங்கை மாற்றினார். நடுநடுவே உப்பு லாரியில் அண்ணனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் முடிவில், "இவரு கியர் மாத்துததுக்குள்ள நான் ஒரு பீடி குடிச்சு முடிச்சிருதேன்" என்றார். இரண்டு நாள் கழித்து, "தங்கச்சி, இந்த என்ஜினுக்குன்னே செஞ்ச காலு அது" என்றார்.

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவற்றின் பெருமை. காலையில் கிளம்புவோம். கொதிக்காது, தட்டாது, இருமாது. மாட்டு வண்டிக்குப் பின்னால் போனால் மாட்டு வண்டி மாதிரியே போகும். ஐப்பசி அடைமழையில் ரோடெல்லாம் தண்ணீர் ஓடியபோதும் போயிற்று. சித்திரை வெயிலிலும் போயிற்று. சுதந்திரம் வந்த வாரம் ஊரெல்லாம் கொடி கட்டியிருந்தபோதும் நாங்கள் பாட்டுக்கு அதற்கு நடுவே போய் ஊசி குத்திக்கொண்டு வந்தோம். புதன்கிழமை சாயங்காலம் ரோச் வருவார். காரின் முன்மூடியைத் திறப்பார், நாரை அலசி எண்ணெய் போடுவார், பிளக்கைத் துடைப்பார், ஓடவிட்டுக் காது கொடுப்பார். "ம்" என்பார். அந்த ஒரு "ம்" கேட்டால்தான் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரும்.

ஒருநாள் அவரிடம் சொல்லிவிட்டேன். "அண்ணே, நான் மூச்சு விடுதது ஒங்க புண்ணியம்."

"மூச்ச அமுக்கி வைக்கத்தான போறீய, விடுததுக்கு இல்லையே" என்று சொல்லிவிட்டு மூடியைச் சாத்தினார். சாத்திய கை கொஞ்ச நேரம் அதன் மேலேயே இருந்தது.

பாளையங்கோட்டை ரோட்டில்தான் மில்லர்புரம். போகும்போதும் வரும்போதும் சண்முகத்தாய் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கார்ச் சத்தம் கேட்டால் இசக்கியப்பன் வாசலுக்கு ஓடிவந்து நிற்பான். அவன் பார்ப்பது காரைத்தான். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அவனைப் பார்ப்பேன். அண்ணன் அந்த இடத்தில் மட்டும் காரை இன்னும் மெதுவாக்குவான். அதைவிட மெதுவாகப் போக எந்தக் காராலும் முடியாது. ஆனால் ஒரு தடவையும் நிறுத்தியதில்லை. நிறுத்தினால் நான் இறங்கிவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். நான் பார்க்கப் பார்க்கப் பிள்ளை வளர்ந்தான். பல் விழுந்தது, முளைத்தது. கால்சட்டை மாறியது. ஒவ்வொன்றையும் ஓடுகிற காரிலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு வியாழக்கிழமை டாக்டர் ஊசியை எடுக்கவில்லை. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். சளியில் கிருமி இல்லை என்று பல மாதமாகவே சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கு, "புண் ஆறிவிட்டதம்மா. இனி காற்று வேண்டாம். நுரையீரல் மெல்ல விரியட்டும்" என்றார்.

எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. "மகனைத் தொடலாமா?"

"தாராளமாக" என்றார்.

வெளியே வந்து அண்ணனிடம் சொன்னேன். அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான், பிறகு கார்க் கண்ணாடியைத் துடைத்தான், மறுபடி முகத்தைத் துடைத்தான். அவன் நிதானத்தை அன்றைக்குத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ஏறுலே, போவோம்" என்று அண்ணன் என்றும் பாராமல் அதட்டினேன்.

வல்லநாட்டு மேடு, வாகைக்குளம், புதுக்கோட்டை. என்ஜின் தன் பாட்டுக்கு ஓடியது. மில்லர்புரத்தில் இசக்கியப்பன் வழக்கம்போல வாசலில் நின்றான். அண்ணன் காரை மெதுவாக்கினான், பிறகு நிறுத்தினான். அந்தக் கார் அங்கே நின்றது அதுதான் முதல் தடவை. சண்முகத்தாய் உள்ளிருந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருஷம் என் பிள்ளையை வளர்த்தவள். அவள் அழுதது இரண்டு விதமான அழுகை என்று எனக்குத் தெரியும்.

பையன் என்னிடம் வரவில்லை. காரைச் சுற்றி வந்தான். விளக்கைத் தொட்டான், சக்கரத்தைத் தொட்டான், சூடாக இருந்த மூடியில் கை வைத்து எடுத்தான். பிறகு ஓட்டுகிற பக்கம் போய் நின்றான்.

"மாமா, என்னையும் ஏத்திட்டுப் போவீயளா?"

"போலாம்டே. ஆனா ரெண்டு சீட்டுதான இருக்கு" என்றான் அண்ணன். "ஒங்கம்மா மடியிலதான் உக்காரணும்."

அப்போதுதான் அவன் என்னைப் பார்த்தான். யோசித்தான். மாமனைப் போலவே அவனும் நேரம் எடுத்துக்கொண்டான். காரில் போக வேண்டும் என்கிற ஆசை, தெரியாத ஒரு பொம்பளை மடியில் உட்காருவதா என்கிற தயக்கம், இரண்டும் அவன் முகத்தில் மாறி மாறி வந்தன. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஓடிவிடுவான் என்று பயம்.

கடைசியில் கார்தான் ஜெயித்தது. அவன் என் பக்கம் வந்து, படியில் கால் வைத்து, ஏறி என் மடியில் உட்கார்ந்தான். என்ன கனம். முதுகு என் நெஞ்சில் சாய்ந்தது. தலையில் வெயில் வாடையும் எண்ணெய் வாடையும். அண்ணன் கியரைப் போட்டான். நான் இரண்டு கையாலும் அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"விழ மாட்டேன். விடுங்க" என்றான்.

நான் விடவில்லை.